கால் பிடிக்காத நாள்

இந்த ஒரு சேலையை மடித்துவிட்டுப் போகிறேன். மடித்து அடுக்கில் வைத்ததும் பலவேசம் அண்ணாச்சியிடம் போய், ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வாரேன் அண்ணாச்சி என்று சொன்னால் போதும், என்ன ஏது என்றுகூடக் கேட்க மாட்டார். மாடியிலிருக்கிற சேலைப் பிரிவு முழுவதையும் மேய்க்கிற மனிதர். எட்டாம் மாத வயிற்றோடு ஒருத்தி தன் கண்முன்னால் நின்றுகொண்டிருப்பது அவருக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி, நாள் தவறாமல் எப்பம்மா லீவு போடப் போற என்று கேட்டுவிடுவார். அவர் தடுக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியும் தூரமில்லை, ரத வீதியைத் தாண்டி இடது கைப்பக்கம் திரும்பினால் வந்துவிடும், ஆட்டோவே வேண்டாம். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. யாராவது தடுத்திருந்தால் அவர்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக நின்றுகொண்டிருப்பேன். முந்தானையை உள்ளே மடக்கி, கரையோடு கரை சேர்த்து, உள்ளங்கையால் ஒரு நீவு நீவி, அட்டையை உள்ளே கொடுத்து, முடிந்துவிட்டது. இன்னொன்று விரிந்து கிடக்கிறது. ஆடித் தள்ளுபடியில் சேலைக்கா பஞ்சம், வருகிறவர்கள் ஒரு அடுக்கையே கலைக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் கீழே இறங்கிப் போகிறார்கள். அதையும் மடித்துவிட்டுப் போகிறேன். காலையில் எழுந்ததிலிருந்து வயிற்றுக்குள் அசைவே இல்லை. இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேகூட இப்போதுதான் முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன். சொன்னதும் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். பியூலா மட்டும் எதிர் மேசையில் நின்று ஒரு கிழவருக்கு வேட்டிக் கரை காட்டிக்கொண்டிருந்தாள்.

கால் பிடிக்காததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆறாம் மாதத்திலிருந்து கெண்டைக்கால் பிடிக்காத ராத்திரியே எனக்குக் கிடையாது. தூக்கத்தில் காலை ஒரு நீட்டு நீட்டினால் போதும், அதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி பிடித்துக்கொள்ளும். சதை கல்லாகிவிடும், பெருவிரல் தன்பாட்டுக்கு வளைந்துகொள்ளும், வாயைத் திறந்தால் சத்தம் வராது, என் காலே எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிடும். என் வீட்டுக்காரர் இசக்கிராஜ் பதறி எழுந்து பாதத்தை முகத்துப் பக்கமாக மடக்கி அழுத்துவார். பாவம், பகலெல்லாம் லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து செத்தவன் மாதிரி தூங்குகிற மனிதர், கண்ணைத் திறக்காமலேயே என் காலைத் தேடிப் பிடிப்பதற்குப் பழகிவிட்டார். என் மாமியார் இதைக் கொறக்களி என்பாள். கொறக்களி பிடிக்காத புள்ளத்தாச்சி உண்டுமா, நாங்கள்லாம் கொறக்களியோட வயக்காட்டுல நாத்து நட்டோம் என்பாள். நட்டிருப்பாள், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் அவள் கடை மேசைக்குப் பின்னால் பகல் முழுக்க நின்றிருக்க மாட்டாள். கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். சத்தியமாகப் போட்டார்கள், எங்கள் ஸ்டூல் நீல நிறம். அதன்மேல் எப்போதும் மடித்த சேலைகள் உட்கார்ந்திருக்கின்றன. இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மாடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு நின்றே தொலைக்கலாம்.

அந்தக் காலுக்கு நான் எதைத்தான் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒரு விரல் நீளம், விழுங்கினால் தொண்டையில் குறுக்கே நிற்கும். மாமியார் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், எலும்பு முத்திப் போயி புள்ள தல இறங்காது, கத்தி வச்சுத்தான் எடுக்கணும் என்பாள். சத்து மாத்திரை என்று இன்னொன்று, இரும்பு, அது வயிற்றைக் கட்டிப்போட்டுவிடும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், எது காலையில் எது ராத்திரி என்பது எனக்கு அடிக்கடி குழம்பும். வாழைப்பழம் சாப்பிடு என்றார்கள், ஒரு தார் தீர்ந்தது. எள்ளுருண்டை என்று ஒருத்தி சொன்னாள், புள்ளத்தாச்சிக்கு எள்ளா என்று இன்னொருத்தி தட்டிவிட்டாள். முருங்கைக்கீரை, இளநீர், கால் நனைய வெந்நீர், படுக்கப் போகுமுன் நல்லெண்ணெய். எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் பியூலா அந்த டப்பாவைக் கொண்டுவந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் ஏதோ கூட்டத்துக்குப் போவாள். அங்கே சத்துப் பவுடர் எல்லாம் கொடுத்து, விற்றால் கமிஷன் என்பார்களாம். இது மெக்னீசியம்ட்டி முப்பிடாதி, சதைக்குன்னே செஞ்சது, எங்க மைனிக்கு ஒரே வாரத்துல கொறக்களி நின்னுட்டு என்றாள். ஆரஞ்சு மிட்டாய் வாசம், தண்ணீரில் போட்டால் நுரைக்கும். டாக்டரம்மாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மெக்னீசியம் சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது, ஆனா அந்த டப்பாவுல வேற என்னெல்லாம் போட்டிருக்கான்னு பாக்காம நான் சொல்ல முடியாது, அடுத்த தடவை வரும்போது கையோட கொண்டா என்றார். கொண்டுபோகவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். பயந்தேன் என்று சொல்வதுகூடப் பொய், ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்க வேண்டும் என்று வெறி. நேற்று ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் போட்டுக் குடித்தேன்.

தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம். விடிந்து வெயில் முகத்தில் விழுந்தபோது, எங்கே படுத்திருக்கிறேன் என்று விளங்கவே கொஞ்ச நேரமாயிற்று. காலை மெதுவாக நீட்டிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. இன்னும் நீட்டினேன், பிடிக்கவில்லை. இசக்கிராஜ் தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னதும் அந்த மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும், அவருக்கும்தானே அது முழு ராத்திரி. கடைக்கு வந்ததும் வராததுமாகப் பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாமான் வைக்கிற அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் எல்லாம் போய், கேட்டுக்கிடுங்கட்டி, முப்பிடாதிக்குக் கால் பிடிப்பு ஒரே நாள்ல நின்னுபோச்சு என்று தண்டோரா போட்டாள். சுடிதார்ப் பிரிவுப் பிள்ளை ஒருத்தி தன் அக்காவுக்கு என்று அப்போதே ஒரு டப்பா சொல்லிவைத்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பதினொரு மணி டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைக்கக் குனியும்போது ஒன்று தோன்றியது. இந்த நேரத்தில் அந்தப் பயபுள்ள விலாவில் ஒரு இடி இடிக்குமே. சூடாக எது உள்ளே போனாலும் அதற்குப் பொறுக்காது, என்ன என்னைக் கேட்காமல் என்கிற மாதிரி ஒன்று கொடுக்கும். இன்றைக்குக் கொடுக்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். நான் தூங்கினேனே, அதுவும் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் யாருக்கும் தெரியாமல் செய்தது. பட்டு அடுக்கை எடுக்கிற சாக்கில் மேசை விளிம்பில் வயிற்றை லேசாக இடித்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய் நன்னாரி சர்பத் ஐஸ் போட்டு வாங்கிக் குடித்தேன். சர்பத் என்றால் அது குட்டிக்கரணம் போடும், போன வாரம் போட்ட குட்டிக்கரணத்தில் வயிறு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாமான் அறையில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நர்ஸ் சொல்லியிருக்கிறாள், சந்தேகமா இருந்தா இனிப்பா எதையாவது குடிச்சிட்டு இடது பக்கமாப் படு, அப்பமும் அசைவு தெரியலன்னா ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்கக் கூடாது, நேரா இங்க வந்திரணும். நன்றாக நினைவிருக்கிறது. அவள் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதுகூட நினைவிருக்கிறது. கைக்கடியில் ஏதோ துடித்தது. ஆனால் அது என் துடிப்புத்தான், என் ரத்தம் எனக்குள் ஓடுகிற ஓட்டம். வளையலைக் குலுக்கிப் பார்த்தேன். போன மாதம் இதே சாமான் அறையில்தான் பிள்ளைகள் எனக்கு வளையல் பூட்டினார்கள். சாதி விட்டுக் கட்டிக்கொண்டவளுக்கு அம்மா வீட்டிலிருந்து யார் வந்து வளைகாப்பு நடத்துவார்கள், பலவேசம் அண்ணாச்சியே எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் வாங்கிக் கொடுத்தார். வளையல் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிறது திரும்பிப் பார்க்கும் என்பார்கள். வயிற்றின் மேலேயே வைத்துக் குலுக்கினேன். ஏ புள்ள, கேக்குதா, கேக்குதா என்று கேட்டேன். சதையைத் தளர்த்தி ஆழ்ந்த ஓய்வு தரும் என்று அந்த டப்பாவின்மேல் எழுதியிருக்கிறது. கால் சதையை மட்டும்தான் தளர்த்தும் என்று எழுதவில்லை. கால் அடங்கியது, அதுவும் அடங்கியது, இரண்டு கரண்டி. ஒரு கரண்டி போட்டிருந்தால்? அப்படியெல்லாம் ஆகாது, அப்படி ஆகிறதென்றால் டப்பாவில் போட்டு விற்பார்களா. விற்பார்கள், எதைத்தான் விற்கவில்லை. நானே இந்த மேசையில் நின்று பாலியஸ்டரைப் பட்டு மாதிரியே இருக்கும்மா என்று விற்கிறேன்.

போன தடவை ஐந்தாம் மாதம். அப்போது இந்தக் கடைக்கு வந்திருக்கவில்லை. ரெண்டு நாளாகவே வயிறு என்னவோ காலியான மாதிரி இருந்தது, வீட்டுக்குள் இருக்கிற ஆள் சொல்லாமல் எங்கேயோ கிளம்பிப் போய்விட்டால் வீடு ஒரு மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. ஆனாலும் அந்த ரெண்டு நாளும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சமைத்தேன், துவைத்தேன், இசக்கிராஜோடு பேர் விஷயமாகச் சண்டைகூடப் போட்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போது நர்ஸிடம் வாயைத் திறந்தேன். அக்கா, ஒண்ணும் தெரியலக்கா என்றேன், அவ்வளவுதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்தாள், உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வயிற்றில் அந்தப் பசையைத் தடவி மெஷினை வைத்தார்கள். அதுவரைக்கும் படம் தெரிகிற திரை என் பக்கமாகத்தான் இருந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரம்மா கையை நீட்டித் திரையை மெல்ல அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டார். திருப்பியதுமே எனக்கு விளங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் சொன்ன எதுவும் எனக்குத் தேவையாக இருக்கவில்லை. சொன்னதால்தான் போயிற்று என்று நான் நினைக்கவில்லை, நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆனால் சொல்கிறவரைக்கும் இருந்தது, சொன்னதும் இல்லாமல் போயிற்று, இந்த வரிசையை என் மனசிலிருந்து யாராலும் மாற்ற முடியவில்லை. இப்போது மட்டும் என்ன. நான் இப்படியே மடித்துக்கொண்டு நிற்கிறவரை முப்பிடாதிக்கு எட்டாம் மாதம். பிள்ளைகள் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், அண்ணாச்சி லீவு எப்போது என்பார், இசக்கிராஜ் தூத்துக்குடியிலிருந்து வரும்போது மக்ரூன் வாங்கி வருவார். அண்ணாச்சியிடம் போய் நின்று வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்துவிடும். இந்தச் சேலையையும் மடித்துவிடுகிறேன். ஆனால் ஒருவேளை இப்போது போனால் ஏதாவது செய்ய முடியுமோ என்னவோ, நான் நிற்கிற நேரம்தான் அதைக் கொல்கிறதோ என்னவோ. இதை நினைத்தாலும் கால் நகர மாட்டேன் என்கிறது. எனக்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறேன்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். சங்கரன்கோவில் பக்கம் ஊராம், படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை, ஒரு கையில் மஞ்சப்பை, ஒரு கையில் போன். ஆவணி பிறந்ததும் மகளுக்கு வளைகாப்பு, பச்சையில் பட்டு வேண்டும், ஆடித் தள்ளுபடியில் எடுத்து வைத்துவிடலாம் என்று வந்தேன் என்றார். மகள் சென்னையில் இருக்கிறாளாம், அலைய முடியாதாம், போனிலேயே பார்த்துச் சொல்லுவாளாம். பேசிக்கொண்டே என் வயிற்றைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் முகம் சொந்தக்காரி முகமாக மாறியது. எத்தன மாசம் தாயி என்றார், எட்டு என்றேன். தலச்சனா என்றார். ஆமாம் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது, தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டினேன். போகலாம், இவருக்குக் காட்டிவிட்டுப் போகலாம். இவர் நல்ல அம்மாவாக இருக்கிறார், சீக்கிரம் எடுத்துவிடுவார். இலைப் பச்சை, கிளிப் பச்சை, பாசிப் பச்சை என்று ஒவ்வொன்றாக எடுத்து உதறி விரித்தேன். ஒவ்வொன்றையும் உதறும்போது வளையல் குலுங்கியது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் நான் வயிற்றைக் கேட்டேன்.

போனுக்குள் அந்தப் பெண் வந்தாள். தலையைப் பின்னாமல், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தூக்கமில்லாத முகம். விரித்த சேலை எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. அம்மா, அப்படியே மேசைல கிடந்தா எப்படித் தெரியும், வயித்தோட கட்டுனா எப்படி இருக்கும்னுதான் பாக்கணும் என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வாடிக்கையாளருக்கு மேலே போட்டுக் காட்டுவது எங்கள் வேலை, கல்யாணப் பட்டை எத்தனையோ தடவை என் உடம்பில் சுற்றிக் காட்டியிருக்கிறேன், அந்தந்த நேரத்துக்கு நானும் மணப்பெண் மாதிரி நின்றிருக்கிறேன். பாசிப் பச்சையை எடுத்து, கடைச் சீருடைச் சேலைக்கு மேலேயே கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அரக்குக் கரை வயிற்றின் குறுக்கே வளைந்து இறங்கியது. நன்றாக இருந்தது. கண்ணாடியில் நிற்கிறவளைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நிறைசூலி, கை நிறைய வளையல், பச்சைப் பட்டு. அந்த அம்மா போனை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். அந்தப் பெண் சேலையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்கும் ராத்திரி கால் பிடிக்குமா? எனக்கு உயிரே போவுதுக்கா. என்னென்னமோ சத்து மாத்திரைல்லாம் போடுதேன். நீங்க என்ன சாப்பிடுதீங்க?"

எதிர் மேசையிலிருந்து பியூலா வேகமாக வந்தாள், அவள் வாய் திறப்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், எதைக் குடிச்சாலும் டாக்டரம்மாட்ட காட்டிட்டுக் குடி தாயி என்றேன். பியூலா ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தாள். காலையில் நின்றுவிட்டது என்று சொன்னவள்தானே நீ என்கிற பார்வை. அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை, ஏனென்றால் அப்போது பிடித்தது. நின்ற நிலையில், கண்ணாடி முன்னால், இடது கெண்டைக்காலில். நேற்று ராத்திரி வராததற்கும் சேர்த்து வந்த மாதிரி ஒரே முறுக்கு. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். வலியில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பவுடர் வேலை செய்யவில்லை, பவுடர் ஒன்றும் செய்யவில்லை, இரண்டு கரண்டியும் சும்மா ஆரஞ்சுத் தண்ணீர், கால் முழித்துக்கொண்டது, அப்படியென்றால் அதுவும் முழிக்கும், இப்போது முழிக்கும், இதோ. காலில் சதை புரண்டு துடித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றுக்குள் கேட்டேன். கால்தான் துடித்தது. வயிறு பட்டுக்கு உள்ளே பேசாமல் இருந்தது. அப்போது இன்னொன்றும் விளங்கியது. பவுடர் இல்லையென்றால் பழி போட அதுவும் இல்லை. இரண்டு கரண்டி என்று சொல்லி அழுவதற்கு ஒரு காரணமாவது மத்தியானம்வரை இருந்தது, இப்போது அதுவும் கையைவிட்டுப் போய்விட்டது.

நான் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார். பெற்றவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. உதைக்கானா என்று கேட்டு, கேட்ட கையோடு பட்டுக்கு மேலே வயிற்றில் கையை வைத்தார். வெதுவெதுப்பான, கனமான கை. அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். தலை தானாக ஆமாம் என்று ஆடியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அது கால் வலி என்று நினைத்துக்கொள்ளட்டும். அந்த அம்மா போனைப் பார்த்து, இதையே எடுத்திருவோம்ளா, வேற எதையும் பாக்க வேண்டாம் என்றார். நெறசூலி வயித்துல கெடந்த சேல, உள்ள புள்ள உதைக்கும்போது கட்டியிருந்தா, இந்த ராசி கடையில காசு கொடுத்தாக் கிடைக்குமா, இதக் கட்டிட்டு உக்காந்தா நீயும் இவ மாதிரியே நல்லபடியாப் பெத்து எடுப்ப என்றார். அந்தப் பெண் போனுக்குள் சிரித்தாள், தூக்கமில்லாத முகத்தோடு, நம்பி. இவ மாதிரியே என்று அவளும் ஒரு தடவை சொன்னாள்.

பியூலா என் தோளிலிருந்து முந்தானையை எடுத்து உருவப் பார்த்தாள், பில்லுக்குக் கொடுப்பதற்கு. நான் விடவில்லை. விடக் கூடாது என்று யோசித்து விடாமல் இருக்கவில்லை, கை பிடித்துக்கொண்டது. இவ்வளவு நேரம் எனக்காக நான் பேசாமல் இருந்தேன், இன்னும் நாளெல்லாம்கூட அப்படி நின்றிருப்பேன், எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சேலை சென்னைக்குப் போகும். இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் மனையில் உட்காருவாள், கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள், கையில் வளையல் பூட்டுவார்கள், அந்த வயிற்றின்மேல் என் வயிற்றில் கிடந்த இந்தத் துணி கிடக்கும். ராசியாவது மண்ணாவது என்று மற்ற நாளில் நானே சொல்லுவேன், சேலை விற்கிறவளுக்கு ராசி என்ன, கலர் என்ன. இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. இந்தச் சேல வேண்டாம்மா, வேற எடுத்துத் தாரேன் என்றேன். ஏன் தாயி, டேமேஜா என்றார். இல்லை. நூல் இழுத்திருக்கா. இல்லை. சாயம் போகுமா. போகாதும்மா, இது வேண்டாம், வேற தாரேன், அதே பச்சையில் தாரேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், பக்கத்து மேசையில் உதறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பலவேசம் அண்ணாச்சி வந்துவிட்டார். விற்ற சரக்கைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் திட்டவில்லை, குரலைத் தாழ்த்தி, என்னம்மா, உடம்புக்கு என்ன செய்யுது என்றுதான் கேட்டார். அந்த அம்மாவின் கை இன்னும் என் வயிற்றின்மேல்தான் இருந்தது.

"புள்ள அசையல அண்ணாச்சி. காலைலருந்து அசையவே இல்ல. நான்தான் சொல்லாம நிக்கேன்."

சொல்லிவிட்டேன். அந்தக் கை வயிற்றிலிருந்து எடுபடவில்லை, ஆனால் அதன் கனம் மாறிவிட்டது, அது இப்போது வேறு எதையோ தேடியது. பியூலா அந்த நீல ஸ்டூலில் இருந்த சேலைகளை ஒரே தள்ளாகத் தரையில் தள்ளிவிட்டு அதை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டாள், ஏட்டி, எங்கிட்டச் சொல்லக் கூடாதா, எங்கிட்டச் சொல்லக் கூடாதா என்று அழுதாள். உட்கார்ந்தேன். கால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அண்ணாச்சி ஆட்டோ, ஆட்டோ என்று யாரையோ படியில் விரட்டுவது கேட்டது. போனுக்குள் அந்தப் பெண், அம்மா, என்னம்மா, அந்த அக்கா என்ன சொல்லுதாங்க என்றாள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, மகளின் முகம் தெரிந்த போனை மெல்லக் கவிழ்த்து, விரித்துக் கிடந்த சேலைகளின்மேல் வைத்தார். துணிக்குள்ளிருந்து அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அம்மா, அந்த அக்காவுக்கு என்னாச்சு.